இரண்டரை விநாடிப் பெடல்

நிலவுக்குப் பேசினால், நம் குரல் அங்கே போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர இரண்டரை விநாடி ஆகும். ஒளியே அவ்வளவு வேகம்தான் ஓடும், அதற்கு மேல் அதை விரட்ட எந்தக் கொம்பனாலும் முடியாது. இரண்டரை விநாடியெல்லாம் ஒரு நேரமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் மனைவி, "என்மேல இன்னும் ஆசை இருக்கா?" என்று கேட்கும்போது இரண்டரை விநாடி சும்மா இருந்து பாருங்கள். அப்புறம் தெரியும் அது எவ்வளவு நீளம் என்று.

தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்த நீளம் நன்றாகவே தெரிந்திருந்தது. கப்பலுக்குப் போவது போய், குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏறி நிலவுச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போவது கடலோரத்தில் வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்த காலம் அது. மூன்று வருட ஒப்பந்தம். ஆரம்பத்தில் போன் பேச்சு பெரும் தொல்லையாக இருந்தது. அவர் முடித்துவிட்டார் என்று நினைத்து இவள் ஆரம்பிப்பாள், அந்த நேரம் பார்த்து அவர் குரல் வந்து விழும். "நீ சொல்லு", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்பதிலேயே பாதி நேரம் போகும், மீதி சண்டையில் போகும்.

அப்போதுதான் நிறுவனம் இடைநிரப்பியைக் கொண்டுவந்தது. அது ஒரு வாரம் உங்கள் வீட்டுக்காரர் பேசுவதைக் கேட்டுப் பழகிக்கொள்ளும். பிறகு, நீங்கள் ஒன்று கேட்டால் அவர் என்ன சொல்வார் என்று ஊகித்து, அவர் குரலிலேயே உடனே சொல்லிவிடும். அங்கே அவருக்கு உங்கள் குரலில் அப்படியே. இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. வேண்டாமென்றால் அணைத்துக்கொள்ளலாம், ஆனால் யாரும் அந்தப் பொத்தான் பக்கமே போகவில்லை. மச்சாது டீச்சருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவள் மகன் அந்தோ ஊரில் இருந்தவரை அம்மா கேட்டால் எரிந்துதான் விழுவான். நிலவுக்குப் போனபிறகு, "சாப்டீங்களாம்மா, மாத்திர போட்டீங்களா" என்று உருகினான். அந்தச் சீமைக்கு அனுப்பினதில் பையன் திருந்திட்டான் என்று டீச்சர் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

டீச்சரின் அடுத்த வீடு ஜெசிந்தாவுடையது. அவளும் அவள் புருஷன் லியோனும் தஸ்நேவிஸ் அண்ணனின் மெல்லிசைக் குழுவில் வாசித்தவர்கள். அவள் கிதார். அவன் தாளம். தபேலாதான் என்றில்லை, கையில் கிடைக்கிற எதிலும் வாசிப்பான். மேடையில் அவள் விரல் தப்பும்போதெல்லாம் லியோன் வாத்தியத்தின் விளிம்பில் 'டக் டக்' என்று இரண்டு தட்டுத் தட்டுவான். கூட்டத்துக்கு அது தாளம், அவளுக்கு மட்டும்தான் தெரியும் அது கேலி என்று. அவள் திரும்பாமலேயே, "போதும்" என்பாள். கல்யாணமான பிறகு இந்த வம்பு சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. குழம்பில் உப்புக் கூடினால் தட்டின் விளிம்பில் 'டக் டக்'. "போதும்" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வரும். அவர்கள் குடும்பம் ஓடியதே இந்த இரண்டு தட்டிலும் ஒரு சொல்லிலும்தான்.

நிலவுக்குப் போயும் லியோன் சும்மா இருக்கவில்லை. காலி ஆக்சிஜன் உருளை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அவளோடு போனில் வாசிப்பான். இடைநிரப்பியின் புண்ணியத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது மாதிரியே இருக்கும். ஒருநாள் அவளுக்கு விரல் தப்பியது. தாளம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கவனிக்கவில்லை போல என்று விட்டுவிட்டாள். அடுத்த வாரம் வேண்டுமென்றே தப்பினாள். அதற்கடுத்த வாரம் குரங்குகூடக் கண்டுபிடிக்கிற மாதிரி தப்பினாள். ஒரு தட்டும் வரவில்லை, தாளம் வழுக்கிக்கொண்டு போயிற்று.

நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்தாள். ஒரு பெண் தேன் சொட்டப் பேசினாள். நீங்கள் கேட்பது ஊகம்தான் மேடம், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும் என்றாள். அப்படியானால் அவர் அசலாக வாசித்தது எங்கே போகிறது என்று ஜெசிந்தா கேட்டாள்.

"அசலும் ஊகமும் ஏறக்குறைய ஒண்ணா இருந்தா, அசலை எதுக்கு மேடம் திரும்பப் போடணும்? அதை விட்டுருவோம். இருமல், தும்மல், நாற்காலி இழுக்கிற சத்தம் எல்லாமும் தானா சுத்தமாயிரும். உங்களுக்குத் தெளிவாக் கேக்குதுதானே?"

தெளிவாகத்தான் கேட்டது. அதுதான் பயமாக இருந்தது. ஏனென்றால் லியோனின் ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, ஊர் திரும்புவதா என்று அடுத்த மாதக் கடைசிக்குள் அவன் சொல்லியாக வேண்டும். அவள் கேட்டபோதெல்லாம், "உனக்கு எது சரின்னு படுதோ அதையே செய்வோம்" என்று பதில் வந்தது. கத்தரிக்காய் வாங்குவதற்கே அரைமணி நேரம் மல்லுக்கு நிற்கிற மனுஷன் இப்படிப் பேசுவானா? அவன் வர நினைக்கிறானா, அங்கேயே இருந்துவிட நினைக்கிறானா என்பது அவளுக்குத் தெரியாது. நிரப்பி வந்த இந்த எட்டு மாதமாகத் தன் புருஷனோடு தான் பேசவே இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

மறுவாரம் இரண்டு பக்கமும் நிரப்பியை அணைத்துவிட்டு வாசித்தார்கள். விடிந்தது போங்கள். நல்ல வாத்தியக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பை இருவரும் செய்தார்கள். கூட வாசிப்பவர் எங்கே இருக்கிறார் என்று காது கொடுத்து, அவருக்காகக் கொஞ்சம் நின்று போவதுதான் அவர்கள் பழகிய பழக்கம். அவன் பின்தங்குவதாக நினைத்து அவள் வேகத்தைக் குறைத்தாள். அவள் குறைப்பதைக் கேட்டு அவனும் குறைத்தான். பல்லவி முடிவதற்குள் பாட்டு இழுத்து இழுத்து, பிரேத ஊர்வலம் மாதிரி ஆகி, நின்றே போயிற்று. பிறகு பேசப் பார்த்தார்கள், பேச்சும் முட்டிக்கொண்டது. அவன், "சரி விடு, பெறவு பாப்போம்" என்றான். அடுத்த நாளே ஒரு மாத வேலையாக நிலவின் இருட்டுப் பள்ளத்துக்குப் போய்விட்டான். அங்கே பேச்சு வசதி கிடையாது, ஒன்றிரண்டு வரியில் செய்தி அனுப்பலாம். ஊர்த் திருவிழா அன்றுதான் நிலவு நிலையத்துக்குத் திரும்புவான்.

திருவிழா மேடையில் தஸ்நேவிஸ் அண்ணன் குழுவின் கச்சேரி. நிலவிலிருந்து லியோன் வாசிக்கப்போகிறான் என்று நோட்டீசே அடித்தாயிற்று. அதாவது, இடைநிரப்பி வாசிக்கப்போகிறது.

ஜெசிந்தா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் உப்பளப் பக்கம் போனவள், முன்பு உப்பு மூட்டை அடுக்கிவைத்த ஒரு காலிக் கிட்டங்கியைப் பார்த்து நின்றுவிட்டாள். அந்தக் கிட்டங்கியில்தான் குழு முன்பு ஒத்திகை பார்க்கும். பின்சுவரில் சத்தம் பட்டுத் திரும்பிவந்து எல்லாரையும் குழப்பும். லியோன் மட்டும் குழம்பமாட்டான். எதிரொலி திரும்பி வருகிற நேரத்தையே அளவாக வைத்துத் தன் தாளத்தை அதில் பொருத்திவிடுவான், சுவரும் அவனோடு சேர்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். அவளுக்குச் சட்டென்று உறைத்தது. நிலவும் ஒரு சுவர்தானே, கொஞ்சம் தூரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். நாலடித் தாளத்தின் ஒரு சுற்றை இரண்டரை விநாடிக்கு வைத்துக்கொண்டால், இந்தச் சுற்றுக்கு அவன் வாசித்தது சரியாக அடுத்த சுற்றின் தலையில் வந்து இறங்கும். அந்த நேரத்தில், அவள் முந்தின சுற்றில் வாசித்ததையும் யாராவது திரும்ப வாசித்தால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். அதற்குத்தான் கிதார்காரர்களிடம் ஒரு சாமான் இருக்கிறதே. காலடியில் கிடக்கும் எதிரொலிப் பெட்டி, டிலே பெடல்.

கடையில் விற்கிற பெடலெல்லாம் ஒரு விநாடியோடு மூச்சு விட்டுவிடும். பெரியவை எல்லாவற்றிலும் இப்போது ஊகிக்கிற புத்தியைச் சேர்த்திருந்தார்கள். வாசிக்காததையும் சேர்த்து வாசிக்கும். ஆகவே தானே செய்துகொள்வது என்று முடிவெடுத்து, மதுரைக்குப் பஸ் ஏறி, உதுமான் பாயின் பழைய எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போனாள். பாய் மூன்று சர்க்யூட் போர்டுகளை மேசையில் பரப்பினார்.

முதலாவதில் சிறுசிறு மின்தேக்கிகள் வரிசையாக நிற்கும். தீப்பிடித்த வீட்டுக்குத் தண்ணீர் வாளியைக் கைமாற்றுகிற மாதிரி ஒலியை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கிக் கடத்தும். பாய் அதில் கிதார் வயரைச் செருகி வாசித்துக் காட்டினார். ஐயோ, என்ன சத்தம், வெண்ணெய் மாதிரி! இரண்டாவது, மலிவான எதிரொலிச் சிப் போட்டது. நேரத்தை நீட்டினால் கரகரவென்று மணல் அரைக்கும். மூன்றாவது, ஒலியை எண்களாக்கி நினைவில் போட்டுவைத்துத் திருப்பித் தருவது. சத்தத்தில் குறையில்லை, ருசியும் இல்லை. பக்கவாட்டில் மைக்குக்கு ஒரு துளை, வெளியிலிருந்து நேரத்தைச் சொல்லிக்கொடுக்க ஒரு துளை என்று ஏகப்பட்ட துளைகள்.

"இதையே எடுத்துக்கங்க தங்கச்சி. எதுக்கு வேணும்னாலும் வளைஞ்சு குடுக்கும்" என்றார் பாய்.

"எனக்கு எதுக்கு பாய் மைக்கும் மண்ணாங்கட்டியும்? நான் கிதார் மட்டும்தான் வாசிக்கப்போறேன்."

காதால் பார்த்துச் சாமான் வாங்கினால் இதுதான் கதி. முதலாவதையே எடுத்தாள். ஒரு போர்டுக்கு அரை விநாடிக்கு மேல் வராது என்பதால் வரிசையாகச் சேர்க்க ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து சால்டரிங் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் கோத்து, கம்பியை மீட்டினாள். ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் சிந்தும் அல்லவா? கடைசி வாளிக்கு வந்தபோது வெண்ணெய் மோராகி, மோர் கழுநீராகியிருந்தது. தலையில் அடித்துக்கொண்டாள்.

திரும்பவும் பஸ். பாய் மூன்றாவது போர்டை எடுத்து வைத்தார். நல்ல மனுஷர், சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவது மணியாக வேலை செய்தது. நிலவு நிலையத்தில் தொழில்நுட்பக்காரர்கள் சோதிப்பதற்காக ஓர் எதிரொலி எண் உண்டு. அழைத்தால் நாம் அனுப்பும் சத்தத்தை அப்படியே திருப்பி அனுப்பும், நிரப்பி கிரப்பி ஒன்றும் கிடையாது. காலையில் அதைக் கூப்பிட்டு, திரும்பி வரும் நேரத்தை அளந்து, பெடலில் வைத்தாள். நிலவின் எதிரொலியும் பெடலின் எதிரொலியும் ஒட்டிப்பிறந்த மாதிரி விழுந்தன. எழுந்து ஒரு ஆட்டமே போட்டாள். சாயங்காலம் டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று மறுபடி வாசித்தால், இரண்டும் காலை மிதித்துக்கொண்டன.

டீச்சர் ஓய்வு பெறுமுன் அறிவியல் எடுத்தவள். "நிலா என்ன ஆணியடிச்சா நிக்கி? கிட்ட வரும், தூரப் போகும். பூமி வேற சுத்துது. காலம்பற இருந்த தூரம் இப்ப எப்படிட்டி இருக்கும்?"

ஜெசிந்தா அந்த உபயோகமில்லாத துளையைப் பார்த்தாள். வெளியிலிருந்து நேரம் வாங்கிக்கொள்ளும் துளை. அதில் ஒரு கால் பொத்தானைக் கோத்தாள். மிதித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம் எதிரொலி எண்ணுக்குப் போகும். நிலவைத் தொட்டு அது திரும்பி வருகிற நேரத்தையே பெடல் தன் நேரமாக எடுத்துக்கொள்ளும். இனி நிலா எங்கே போனாலும் ஒரு மிதி போதும். வெண்ணெய்ச் சத்தம் இல்லாவிட்டால் போகிறது, நிலவோடு கூடவே நடக்கத் தெரிந்தது இது ஒன்றுதான்.

டீச்சர் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு பாடு எதற்கு, நிரப்பியில் லியோன் நன்றாகத்தானே பேசுகிறான் என்று கேட்டாள். உதவி எண்ணில் கேட்டதை ஜெசிந்தா மெதுவாகச் சொன்னாள். டீச்சர் முகம் மாறியது. "அப்ப மாத்திர போட்டீங்களான்னு கேக்கது...?" என்றவள், வாக்கியத்தை முடிக்காமல் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜெசிந்தா லியோனுக்குச் செய்தி அனுப்பினாள். திருவிழா அன்று நிரப்பியை அணைத்துவிடுங்கள், என் சத்தம் வந்து விழும்போது அதோடு சேர்ந்து வாசியுங்கள், எனக்காக நிற்காதீர்கள். அங்கிருந்து வந்த பதில், "சரி." அவ்வளவுதான். அந்தச் 'சரி'க்குப் பின்னால் பாசம் இருந்ததா, சலிப்பு இருந்ததா என்று யார் கண்டது?

திருவிழா மாலை, கடற்கரை மைதானம் நிரம்பி வழிந்தது. நிலவில் ஆள் உள்ள குடும்பங்களெல்லாம் முன்வரிசையில். நடுவில் மச்சாது டீச்சர், இறுகிய முகத்தோடு. கடலுக்கு மேலே நிலா எழும்பியிருந்தது. தஸ்நேவிஸ் அண்ணன் வேர்த்து விறுவிறுத்து வந்தார். நிரப்பி போட்டே வாசித்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று கையைப் பிடித்துக் கெஞ்சினார். பாட்டு நடுவில் நின்றால் இருபது வருடப் பெயர் கடலில் போகும் என்றார்.

"நின்னா நான் பொறுப்பு அண்ணே. ஆனா வாசிக்கது அவராத்தான் இருக்கணும்" என்றாள் ஜெசிந்தா.

பெடலை ஒரு மிதி மிதித்தாள். 'டொக்' போய்த் திரும்பியது. பச்சை விளக்கு எரிந்தது. முதல் சுற்றைத் தனியாக வாசித்தாள். இரண்டாம் சுற்றைத் தொடங்கிய அதே கணத்தில், பெடல் முதல் சுற்றைத் திருப்பிக் கொடுத்தது. அதன் மேல், அச்சுப் பிசகாமல், நிலவிலிருந்து தாளம் வந்து இறங்கியது.

ஆக்சிஜன் உருளையில் விழுந்த லியோனின் விரல்கள்! பழைய முரட்டுத்தனம், மூன்றாம் அடியில் கொஞ்சம் முந்துகிற பழைய அவசரம், எல்லாம் அப்படியே இருந்தது. ஜெசிந்தா நிற்கவில்லை, குறைக்கவில்லை. அவள் முன்னே போக, அவள் எதிரொலியும் அவனும் கைகோத்துப் பின்னே வர, பாட்டு பல்லவி தாண்டி, சரணம் தாண்டி ஓடியது. மைதானம் கைதட்டத் தொடங்கியது. தஸ்நேவிஸ் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கடைசிச் சரணத்தில் கண்ணை மறைத்த கண்ணீரில் அவள் விரல் தப்பியது.

தப்பியதை விழுங்கிவிட்டு வாசித்துக்கொண்டே போனாள். பெடலுக்கு விழுங்கத் தெரியாதே. சுற்று முடிந்ததும் அந்த அபசுரத்தைப் பத்திரமாக எடுத்து மைதானம் முழுவதற்கும் திரும்பப் போட்டது. அது விழுந்து முடிந்த கையோடு, மேடையில் எப்போதும் விழுகிற அதே இடத்தில் விழுந்தது.

டக் டக்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பக்கத்திலிருந்த மைக்கைப் பெடலின் துளையில் குத்தி, வாயருகே இழுத்து, "போதும்" என்றாள். இரண்டரை விநாடி கழித்து அவளுடைய "போதும்" திரும்ப ஒலித்தது. கூடவே லியோனின் சிரிப்பு ஊர் முழுக்க வெடித்தது.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓயும்வரை அவன் காத்திருந்தான். பிறகு குரல் வந்தது, கரகரத்து, இருமலோடு.

"எட்டு மாசமா ஒவ்வொரு தடவையும் பேச ஆரம்பிக்கும்போது தட்டுதேன் ஜெசி. நீ ஒரு தடவகூட போதும்னு சொல்லல. கோவமான்னு கேட்டா, அதெல்லாம் இல்லங்கன்னு இனிப்பாப் பேசுத. சரி, இவளுக்கு நம்ம மேல ஒண்ணுமில்லாமப் போச்சுன்னு நெனச்சேன். இங்கயே இருந்துக்கலாம்னு நாளைக்குக் கையெழுத்துப் போடுததா இருந்தேன்."

அவன் தட்டியதையெல்லாம் நாற்காலிச் சத்தத்தோடு சேர்த்துக் கூட்டி வெளியே தள்ளியிருக்கிறது அந்தச் சனியன். அங்கே அவள் குரலில் இனிப்பாகப் பேசியதும் அதுதான், அவளாக ஒருமுறைகூட அப்படிப் பேசியதில்லை.

"இப்ப?" என்று கேட்டாள்.

யாரும் எதையும் கொண்டு அந்த இடைவெளியை நிரப்பவில்லை. அத்தனை ஜனமும் நிலவைப் பார்த்துக்கொண்டு அந்த இரண்டரை விநாடியும் பேசாமல் நின்றது. பிறகு பெடல் அவள் கேட்ட "இப்ப?" என்பதை மறுபடி கேட்டது. அதன் காலடியிலேயே பதில் வந்தது.

"வாரேன்டி. வந்துதான உப்புக் கூடின குழம்பு திங்கணும்."

மைதானம் அமர்க்களப்பட்டது. அந்தச் சந்தடியில் மச்சாது டீச்சர் மேடைப் படியேறி வந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜெசிந்தா கையிலிருந்த மைக்கை வாங்கி, பக்கத்தில் அந்தோ இருக்கிறானா என்று லியோனிடம் கேட்டாள். கூடத்தான் நிற்கிறான் என்று பதில் வந்தது. டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"எலே அந்தோ, சாப்பிட்டியாலே?"

சத்தம் ஏறி, நிலவைத் தொட்டு, இறங்கியது. பெடல் தாயின் கேள்வியைச் சொல்லிற்று, கூடவே மகனின் பதில் வந்து விழுந்தது.

"ஏம்மா, ஊர்க்காரன் அத்தன பேருக்கும் முன்னால இதையா கேப்ப? ஒனக்கு அறிவே கெடையாதா?"

டீச்சர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர்.

"கேட்டியளா? எல்லாரும் கேட்டியளா? என் மகன்!"